கேட்காமல் சொன்ன பதில்

மகா, கார்த்தி,

பம்பாய்க் கடையில் நின்று நான் இந்தி பழகிய கதையைப் போன வாரம் வாசித்துவிட்டு, "எப்பா, உங்களுக்கு இவ்வளவு தெரியுமா" என்று ரெண்டு பேரும் பெருமைப்பட்டீர்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த இந்தியை வைத்துக்கொண்டு உங்கள் அப்பா செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதை ஒளித்து வைத்துவிட்டுப் பெருமையை மட்டும் வாங்கிக்கொள்வது நியாயமில்லை. அதனால் இந்த வாரம் அதை எழுதுகிறேன்.

அப்போது நீங்கள் ரெண்டு பேரும் வெளியூர் விடுதியில் இருந்தீர்கள். அம்மா போனில் பாதி சொல்லியிருப்பாள். முழுவதும் இதுதான்.

நோட்டில் ஏறிய வரி

பகல் பத்து மணி இருக்கும். ஹார்பர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. லாரி போகும்போதெல்லாம் நம் கடையில் தொங்கும் ஷாம்பு சரம் ஆடும், பார்த்திருப்பீர்கள். ஜெசிந்தா சிஸ்டர் ஸ்கூட்டியை வேப்பமர நிழலில் விட்டுவிட்டு, கடை வாசலில் அடுக்கியிருந்த அரிசி மூட்டை மேல் தன் பெரிய நோட்டை விரித்து வைத்திருந்தார்.

ஜெசிந்தா சிஸ்டர்தான் நம் பகுதிக்குக் கிராம சுகாதார நர்ஸ். மணப்பாட்டுக்காரர். வெயிலில் சுற்றிச் சுற்றிக் கறுத்த முகம், வேகமான பேச்சு. கர்ப்பிணிகளைக் கணக்கெடுப்பது, ஊசி போடுவது, சத்து மாத்திரை கொடுப்பது, எங்கே பிரசவம் என்று எழுதி வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அந்தப் பதிவு ஒழுங்காக இருந்தால் அதற்கப்புறம் எல்லாம் தானாக நடக்கும். ஸ்கேனுக்குப் போகச் சொல்லிப் போன் வரும், ரத்தம் பார்ப்பார்கள், பிரசவத் தேதி நெருங்கினால் வீடு தேடியே வருவார்கள்.

அவர் எதிரே பசந்தி நின்றாள். ஒடிசாவில் மலைப்பக்கத்துப் பெண். அவளும் அவள் புருஷன் ரகுவும் உப்பளத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் லைன் வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தார்கள். ரெண்டு பேருக்கும் இறால் கம்பெனியில் வேலை. அவன் ஐஸ் அறையில், அவள் இறால் உரிக்கும் மேஜையில். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கிடந்து, அவள் விரல் நுனிகள் ஊறிப்போன வேர்க்கடலை மாதிரி சுருங்கி வெளுத்திருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத ஒரு வாடை. அதற்காகவே கடையில் நிற்கும்போது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள்.

அன்றைக்கு வாந்தி வந்து கம்பெனி வேனை விட்டுவிட்டாள். அதனால்தான் சிஸ்டர் கண்ணில் பட்டாள். இல்லாவிட்டால் சிஸ்டர் வருவது பத்து மணிக்கு, வேன் போவது விடிவதற்கு முன்னால். லைன் வீட்டுப் பெண்களுக்கு அவர் ஸ்கூட்டியின் நிறம்கூடத் தெரியாது.

ஐந்தாம் மாதம். சிஸ்டர் கேட்க, நான் இந்தியில் கேட்டு, அவள் சொன்னதைத் தமிழில் சொல்ல, ஒவ்வொரு கட்டமாக நிரம்பிக்கொண்டு வந்தது. வயசு, புருஷன் பெயர், சாப்பாடு. எனக்கும் ஒரு மிதப்பு வந்துவிட்டது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள் அல்லவா.

"பிரசவம் எங்கன வச்சுப் பாக்கப் போறாளாம் அண்ணாச்சி?" என்று சிஸ்டர் கேட்டார்.

நான் பசந்தியின் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏழாம் மாசம் அம்மா வீட்டுக்குப் போயிருவா சிஸ்டர். ஒரிசாவுலதான் பிரசவம்."

சிஸ்டரும் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். பசந்தி எங்கள் ரெண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் விஷயத்தில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது என்பது அவளுக்குத் தெரியாது.

ஏழாம் மாதம் என்றால்

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை. யோசிக்காமலும் சொல்லவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் தலைப்பிரசவம் என்றால் தாய் வீடுதான். அதில் கேள்வி கிடையாது. மகா வயிற்றில் இருந்தபோது, ஏழாம் மாதம் உங்கள் தாத்தா சாத்தான்குளத்திலிருந்து ஆட்களோடு வந்தார். வளையல் போட்டார்கள், அஞ்சு வகைச் சாதம் வைத்தார்கள், அம்மாவை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் அப்போது பம்பாயில் பாமாயில் டின் உருட்டிக்கொண்டிருந்தேன். வளைகாப்புக்கு லீவு கிடைக்கவில்லை. மகா பிறந்த சேதி பக்கத்துக் கடை போனில் வந்தது. முதலாளி ஒரு கைப்பிடி கல்கண்டை அள்ளி என் வாயில் போட்டார். பேசவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

அது எனக்கு உலக நடப்பாகிவிட்டது. சூரியன் கிழக்கே உதிப்பது போல, பிள்ளைத்தாய்ச்சி தாய் வீடு போவாள். தமிழ் தெரியாத பெண்ணுக்கும் அதேதான், ஊர் மட்டும் கொஞ்சம் தூரம் என்று நினைத்துவிட்டேன். ஜெசிந்தா சிஸ்டருக்கும் அதே நினைப்பு. ஒரே ஊர்த் தண்ணி குடிச்ச ரெண்டு பேர், மூன்றாமவளுக்காகப் பேசி முடித்துவிட்டோம்.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் ரகு மட்டும் கடைக்கு வந்தான். உருளைக்கிழங்கு, கடுகு எண்ணெய் வாங்கிக்கொண்டு போவான். நான் ஒரு நாளும் கேட்கவில்லை. பசந்தி ஊருக்குப் போய்விட்டாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். சிஸ்டரின் நோட்டிலும் அவள் ஊருக்குப் போனவள்தான்.

ஆனால் அவள் இங்கேதான் இருந்தாள். விடிவதற்கு முன் வேனில் போய், பொழுது சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தாள். நம் கடைக்கும் அவள் அறைக்கும் ஒரு கூப்பிடு தூரம்.

செருப்பு இல்லாத கால்

அம்மாதான் முதலில் பார்த்தாள்.

ஒரு நாள் முற்பகல், வெயில் ஏறிவிட்டது. ஒரு பெண் ரோட்டோரமாக வெறுங்காலோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். செருப்பைக் கையில் வைத்திருந்தாள். தார் ரோடு கொதிக்கிறது, இவள் ஏன் செருப்பைக் கையில் பிடித்திருக்கிறாள் என்று அம்மா எட்டிப் பார்த்தாள். பசந்தி. நிறைமாதம். கால் ரெண்டும் செருப்புக்குள் நுழைய முடியாமல் வீங்கிப்போயிருந்தன. மேஜை முன்னால் நிற்க முடியவில்லை என்று சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம்.

அம்மா அவளை உள்ளே கூட்டி வந்து ஸ்டூலில் உட்கார வைத்து, கணுக்காலில் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கினாள். குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே இருந்தது.

"இங்கேருங்க, இவ ஊருக்குப் போயிட்டான்னுல்லா சொன்னிய. இங்கனயே இருந்திருக்கா. என்னன்னு கேளுங்க."

கேட்டேன். நாலு மாதத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். அம்மா வீட்டுக்கு ஏன் போகவில்லை என்று.

பசந்திக்குப் புரியவே இல்லை. பிரசவத்துக்கு எதற்காக அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று திருப்பிக் கேட்டாள். அவர்கள் பக்கம் கல்யாணமானால் புருஷன் இருக்கும் இடத்தில்தான் பிள்ளை பெறுவார்களாம். அது மட்டுமில்லை. அம்மா ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக ஆற்றைக் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆறு வழி விடாது. இங்கே ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, மாத்திரை தருகிறார்கள், நர்ஸ் வீடு தேடி வருகிறார் என்று ரகு சொன்னதால்தான், இந்தப் பிள்ளையை இங்கே பெற வேண்டும் என்றே அவள் இருந்தாளாம். சத்து மாத்திரை தீர்ந்த பிறகு, லீவு நாளான ஞாயிற்றுக்கிழமையில் ரெண்டு தடவை துணை சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அது பூட்டியிருக்கும். கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்துவிட்டு வந்துவிட்டாளாம்.

ஆஸ்பத்திரியை நம்பி இங்கே தங்கியவளை, ஆஸ்பத்திரிப் பதிவிலிருந்து நான் வெளியூருக்கு அனுப்பி வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன் பாருங்கள், அதுவும் ஒரு அசட்டுத்தனம். அவள் கோபப்படவில்லை. காலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"கிஸீ நே பூச்சா நஹீ, பையா."

யாரும் கேட்கவில்லையே, அண்ணா.

சிஸ்டர் கோபம்

ஆட்டோ பிடித்து ஜெசிந்தா சிஸ்டரிடம் கொண்டுபோனோம். ஆட்டோவில் போகும்போது, தப்பைச் சொல்வதா, நைசாக விட்டுவிடுவதா என்று மனசு கணக்குப் போட்டது. உங்களிடம் சொல்வதற்கென்ன. சிஸ்டர் நோட்டைப் புரட்டி அந்த வரியைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்கு மேல் ஒளிக்க இடமில்லை. "நான் அவகிட்ட கேக்காமலே சொல்லிட்டேன் சிஸ்டர்" என்றேன்.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க சொன்னிய, சரி. எழுதுனது ஆரு? நானும் அவ மூஞ்சியப் பாக்கலியே அண்ணாச்சி. இருபது வருசமா இந்த நோட்டத் தூக்கிட்டு அலையுதேன். எனக்கு எங்கன போச்சு புத்தி?"

பேசிக்கொண்டே பசந்தியின் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். மறுபடி பார்த்தார். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். பிரஷர் ஏறிக் கிடந்தது, ரத்தம் இறங்கிக் கிடந்தது. 108-க்குப் போன் போட்டுக்கொண்டே, "தலவலி இருக்கா, கண்ணு மங்குதான்னு கேளுங்க. அவகிட்ட கேளுங்க" என்றார். அந்தக் கடைசி ரெண்டு சொல்லை அழுத்தித்தான் சொன்னார்.

தலைவலி நாலு நாளாக இருந்தது. கண் அன்று காலையிலிருந்து.

போனில் ஒரு கேள்வி

பெரிய ஆஸ்பத்திரியில் தாமதமே இல்லை. சிஸ்டர் முன்கூட்டியே பேசி வைத்திருந்ததால் தள்ளுவண்டி வாசலிலேயே நின்றது. ஆனால் பிரசவ வார்டுக்குள் ஆண்கள் போகக் கூடாது. அம்மா உள்ளே போனாள். அவளுக்கு இந்தியில் தெரிந்தது "ஆவோ", "பைட்டோ", அதாவது வா, உட்கார், ரெண்டும்தான். வெளியே வராந்தாவில் நானும், கம்பெனியிலிருந்து ஐஸ் அறைக் கோட்டோடு ஓடி வந்த ரகுவும். ஐஸ் உருகி அவன் பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர், அவர்கள் வழக்கில் காக்கா, மகள் பிரசவத்துக்கு வந்தவர், அவனைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தன் பிளாஸ்க்கிலிருந்து தேயிலை ஊற்றிக் கொடுத்தார்.

அம்மாவின் நம்பரிலிருந்து போன் வந்தது. டாக்டரம்மா பேசினார். சின்ன வயசுக் குரல். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன், நான் கேட்பதை அப்படியே கேளுங்கள், அவர் சொல்வதை அப்படியே சொல்லுங்கள் என்றார். எப்போதிருந்து வீக்கம், கடைசியாக எப்போது சாப்பிட்டாள், மருந்து ஏதாவது ஒவ்வாதா. ஒவ்வொன்றாகக் கேட்டேன், சொன்னேன்.

அப்புறம் டாக்டரம்மா கேட்டார்: "இது முதல் பிரசவம்தானே?"

வாய் வரை வந்துவிட்டது "ஆமா டாக்டர்" என்று. வயசோ இருபத்திரண்டு. கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. இடுப்பில் பிள்ளை இல்லை, அறையில் தொட்டில் இல்லை. தலைப்பிரசவம் இல்லாமல் வேறென்ன?

நாக்கைக் கடித்துக்கொண்டேன், மக்களே. நிஜமாகவே கடித்தேன். "ஒரு நிமிஷம் டாக்டர்" என்று சொல்லிவிட்டு, பசந்தியிடம் இந்தியில் கேட்டேன்.

பதில் இல்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை. உள்ளே ஏதோ தட்டு உரசும் சத்தம் கேட்டது. டாக்டரம்மா "என்ன சொல்றாங்க?" என்றார். "இன்னும் சொல்லல டாக்டர்" என்றேன். பக்கத்தில் ரகு தலையைக் குனிந்துகொண்டான்.

அப்புறம் பசந்தி பேசினாள். ரெண்டாவது என்றாள். முதல் பிள்ளை அவள் ஊரில், ஏழாம் மாதத்தில். இதே மாதிரி கால் வீங்கியது, தலை வலித்தது, கண் இருட்டியது. அப்புறம் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்ததாம். அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தார்கள். தண்ணீர் வடியும் வரை காத்திருந்தார்கள். நினைவு வந்தபோது வயிறு காலியாக இருந்தது.

சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். "வலிப்பு வந்துச்சா? வலிப்புன்னா சொன்னாங்க?" என்று டாக்டரம்மா ரெண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றதும் போனைவிட்டு விலகி யாரிடமோ வேகமாக மருந்துப் பெயர்களைச் சொல்லும் குரல் கேட்டது. போன் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் குரல் மட்டும், "ஒண்ணுமில்லளா, ஒண்ணுமில்ல, நான் இருக்கேம்லா" என்று திரும்பத் திரும்ப. அதை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

வலிப்பு வராமல் இருக்க உடனே ஊசி போட்டார்கள். ரத்தம் ஏற்றினார்கள். வலி வர மருந்து வைத்து, மறுநாள் மதியம் பெண் குழந்தை. சின்னதுதான், ஆனால் அழுகை வராந்தா வரைக்கும் கேட்டது. காயல்பட்டினத்துக் காக்காவுக்குப் பேரன். அவர் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து இனிப்பு வாங்கி வந்தார்.

முதல் பிரசவம் பற்றி அன்றைக்கு நானாக ஒரு பதில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று, பிற்பாடு டாக்டரம்மாவிடம் கேட்டேன். "கேட்டுச் சொன்னீங்கள்ல, அது போதும்" என்றார்.

இதை எழுதலாமா என்று பசந்தியிடம் கேட்டேன். எழுதுங்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள் என்றாள். மாற்றியிருக்கிறேன்.

உளுந்தங்களி வழக்கு

அவர்கள் லைன் வீட்டுக்குத் திரும்பியதும் அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. கருப்பு உளுந்தை வறுத்துத் திரித்து, உடன்குடிக் கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் மிதக்க மிதக்கக் களி கிண்டித் தூக்குவாளியில் கொண்டுபோனாள். இடுப்புக்குப் பலம் என்று. மூன்று நாள் போனது. நாலாம் நாள் நான் சாமான் கொடுக்கப் போனபோது, பசந்தி என்னைப் பார்த்து, பாவமாக, இந்தியில் கேட்டாள்: அக்காவிடம் எப்படிச் சொல்வது பையா, அந்தக் கறுப்பு உருண்டை தொண்டையில் இறங்கவே இல்லை. பழைய சோறும் பருப்பும் கிடைத்தால் போதும்.

மூன்று நாளும் ரகுதான் தின்று தீர்த்திருக்கிறான். ஆள் ஒரு சுற்றுப் பெருத்திருந்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அவளுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டியா?" என்றேன்.

"உளுந்தங்களி பிடிக்காத பொம்பளையும் உண்டா?" என்றாள் அம்மா. அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "சிரிக்காதிய" என்றாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் பருப்பு போனது. கூடவே சின்னக் கிண்ணத்தில் களியும். அது ரகுவுக்காம்.

ஜெசிந்தா சிஸ்டர் இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தன் லீவு நாளில், லைன் வீட்டுக்கு வருகிறார். பசந்தியின் அறை வாசலில் பாய் விரித்து நோட்டைத் திறக்கிறார். முதல் ஞாயிற்றுக்கிழமையே மூன்று கர்ப்பிணிகள் வந்தார்கள். இத்தனை நாள் அந்தச் சுவருக்குள்தான் இருந்திருக்கிறார்கள். எங்கள் யார் நோட்டிலும் இல்லை. இந்தி தெரிந்தவர்களிடம் நான் கேட்டுச் சொல்கிறேன். ஒடியா மட்டும் தெரிந்தவளிடம் பசந்தியே மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்டு, எனக்கு இந்தியில் சொல்கிறாள். அவள் கேட்பதைப் பார்க்க வேண்டும் நீங்கள். ஒரு கேள்வி, அப்புறம் சும்மா இருப்பாள். மற்றவள் வளையலை உருட்டுவாள், தரையைக் கீறுவாள், இவள் சும்மா இருப்பாள். பதில் வந்துவிடும்.

எனக்கு அது இயல்பில் வராது. கடைக்காரன் வாய். வாங்க வந்தவர் வாயைத் திறப்பதற்குள் பொட்டலம் கட்டுகிற கை.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்திருந்தாள். கடையில் நான் மட்டும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். ரோட்டில் லாரி இல்லை. காலி ஸ்டூலை எதிரே இழுத்துப் போட்டு, அதில் யாரோ உட்கார்ந்திருப்பது போல் நினைத்துக்கொண்டு, சத்தமாகவே கேட்டேன்: "டெலிவரி கிதர் கர்னேகா, பெஹன்?" பிரசவம் எங்கே வைத்துக்கொள்ள விருப்பம், தங்கச்சி?

வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன். மறுபடி முதலிலிருந்து கேட்டேன். இந்தத் தடவை, ஒரு பெண் யோசித்து, தயங்கி, பேசத் தொடங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம், அந்தக் காலி ஸ்டூலைப் பார்த்தபடி ஒன்றும் பேசாமல் நின்றேன்.